எதுகை அகப்பட்டது, பேசுபவள் எங்கே?

தமிழ்நாட்டில் பள்ளி இறுதி வகுப்புகளைத் தமிழில் எழுதித் தேறிய எவருக்கும் ‘நயம் பாராட்டுக’ என்ற வினா மறக்காது. வினாத்தாளில் ஒரு பாடல் அச்சாகியிருக்கும். முன்னுரை, திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம், சுவை என்று அடிக்கோடிட்ட தலைப்புகளாக இறங்கி, முடிவுரையில் மாணவர் பேனாவை மூடுவார். மோனைக்குக் கீழே ‘காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை’ என்ற சொலவடையும் தவறாமல் வந்து உட்கார்ந்துவிடும். இலக்கியத்தைப் பகுத்து ஒருவர் எழுதும் முதல் கட்டுரை பெரும்பாலும் இதுதான். பலருக்கு இதுவே கடைசியும். இந்த வார்ப்பு எதைக் கற்றுத்தருகிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்த்தாக வேண்டும்.

நல்லது முதலில். வெறும் தாளைக் கண்டு மிரளும் பிள்ளைக்கு இந்தத் தலைப்புகள் கைப்பிடி. வீட்டில் புத்தக வாடையே இல்லாத மாணவரும் இவற்றைப் பற்றிக்கொண்டு ஒரு பக்கம் எழுதிவிட முடிகிறது. ‘அருமையான பாடல்’ என்று வியந்து நிற்பதைவிட, இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் இடத்தை விரல்வைத்துக் காட்டுவது எவ்வளவோ மேல். சொன்னதற்குப் பாட்டிலிருந்தே சான்று காட்ட வேண்டும் என்ற ஒழுக்கம் இங்கேதான் தொடங்குகிறது. காதும் பழகுகிறது. கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்துபவர்களுக்குப் பொதுவான ஒரு அளவுகோலும் கிடைக்கிறது.

கோளாறு எங்கே என்பது ஒரு பாட்டை எடுத்துவைத்தால் தெரியும். குறுந்தொகையின் மூன்றாம் பாடல் தேவகுலத்தார் பாடியது. நான்கே அடிகள். தலைவனோடு தனக்குள்ள நட்பு நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, கடல்நீரைவிட ஆழம் காண முடியாதது என்கிறாள் தலைவி. வார்ப்பின்படி எழுதுபவர் வேலையைச் சுருக்காக முடித்துவிடுவார்: முதலிரண்டு அடிகளில் மோனை, கடைசி இரண்டு அடிகளில் எதுகை, நிலமும் வானும் நீரும் ஒப்பீடு, சுவை உவகை. எல்லாமே சரி. ஆனால் இந்தப் பாட்டு ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு இதில் ஒரு வரி விடை கிடையாது.

பாட்டை மறுபடி படித்தால் வேறொன்று கண்ணில் படும். பெரியது, உயர்ந்தது, ஆழமானது என்று அடுக்கப்படும்போது எது அப்படிப்பட்டது என்று சொல்லப்படுவதே இல்லை. ‘நட்பு’ என்ற எழுவாய் பாட்டின் கடைசிச் சொல்லாகத்தான் வருகிறது. அதற்குமுன் பாட்டு நிலம், வான், கடல் என்ற அளவிறந்த பரப்பிலிருந்து மலைச்சாரலில் பூத்த குறிஞ்சிக்கும் அந்தப் பூவிலிருந்து சேரும் தேனுக்கும் இறங்கிவந்துவிடுகிறது. பழைய துறைக்குறிப்போ இன்னொரு கதவைத் திறக்கிறது. தலைவன் வேலிக்கு அப்பால் நிற்கிறான்; தோழி அவனைக் குறைசொல்கிறாள்; அவனை விட்டுக்கொடுக்காமல் தலைவி மறுத்துப் பேசுகிறாள். அப்படியானால் இது வெறும் காதல் வருணனை அல்ல, ஒரு வாக்குவாதத்தில் அவள் சொல்லும் பதில். அந்தப் பேரளவுகள் எல்லாம் தோழியின் வாயை அடைக்க வந்தவை.

இந்தக் கடைசி வாக்கியம் ஒரு துணிபு. ஒருவர் மறுக்கலாம், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நயம் பாராட்டும் வார்ப்பில் இல்லாதது இதுதான். அங்கே மையக் கருத்து என்ற தலைப்பு உண்டு, ஆனால் அதற்குக் கீழே வருபவை எதுவும் அதைத் தாங்கி நிற்பதில்லை. எதுகைப் பத்தியை மேலே போட்டாலும் கீழே போட்டாலும் கட்டுரை அசையாது.

இத்தனைக்கும் நம் இலக்கணம் இந்தக் கேள்விகளை அறியாததல்ல. தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளில் எதுகை, மோனையை உள்ளடக்கிய தொடை ஒன்று. சொல்பவர் யார் என்னும் கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, சொல்லாமல் விட்டதைக் குறிக்கும் எச்சம் ஆகியவையும் அதே பட்டியலில் இருக்கின்றன. தேர்வுக்கூடம் தொடையையும் சுவையையும் எடுத்துக்கொண்டது. கூற்றையும் கேட்போரையும் எச்சத்தையும் வாசலிலேயே நிறுத்திவிட்டது. இழப்பு பெரிது.

1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழ் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தபோது, படைப்பை வரிவரியாக அலசும் விமரிசனத்தையும் சேர்த்தே வளர்த்தது. எதுகையும் மோனையும் கட்டாயமில்லாத கவிதையைப் பற்றிப் பேச அப்படி ஒரு முறை தேவைப்பட்டது. இன்றும் ஒரு புதுக்கவிதையை நீட்டினால், தலைப்புகளை மட்டும் மனப்பாடம் செய்த மாணவர் இல்லாத எதுகையைத் தேடிக்கொண்டிருப்பார்.

தலைப்புகளைத் தூக்கி எறியச் சொல்வது நியாயமில்லை. அவற்றின் வரிசையை மாற்றினாலே பாதி வேலை முடியும். யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகிறார் என்பது முதல் பத்தி. அதிலிருந்து பிறக்கும் துணிபு ஒரே வாக்கியம். பிறகு வரும் ஒவ்வொரு பத்தியும் பாட்டின் ஓர் இடத்தைக் காட்டி, அது அந்தத் துணிபுக்கு எப்படி வலுச்சேர்க்கிறது என்று சொல்லட்டும். எதுகை அங்கே உதவினால் வரட்டும், உதவாவிட்டால் வேண்டாம். குறுந்தொகைப் பாட்டில் அது உதவுகிறது. எதுகை கட்டிப்போடும் அந்த இரண்டு அடிகளில்தான் தலைவி வானையும் கடலையும் விட்டுவிட்டுத் தன் தலைவனின் மலைக்குத் திரும்புகிறாள்.