கட்டளைக்கல்லும் பால்மரமும்

திருக்குறளில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் எனும் ஈரதிகாரங்களும் வினைக்குரியாரைத் தேரும் நெறி கூறுவன. முன்னது ஒருவர்தம் செயலையே அவர்க்குக் கட்டளைக்கல்லாக வைத்தது. பின்னதோ, எவ்வகையானும் ஆராய்ந்து தெளியப்பட்டாரும் வினையிற் புகுந்தபின் வேறுபடுவர் பலர் என எச்சரித்தது. இவை தம்முள் முரணுமோ எனும் ஐயம் எழுதல் இயல்பே. பரிமேலழகர் பின்னதற்குக் கட்டியங்காரனை எடுத்துக்காட்டி, பதவியாசையாற் பிறழ்தலையே பொருளாக்கினார். அவ்வுரை அரசவைக்குப் பொருந்தும். ஆயினும் குறளின் பொருள் அவ்வளவில் அடங்குவதன்று.

இன்று மென்பொருள் வல்லாரைத் தேர்வோர் பலர், தேர்வாளர் முன்னிலையில் வெண்பலகையிற் கணக்கொன்றை விடுவிக்கச் சொல்லுகின்றனர். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரும் 48 மாணாக்கரைக் கொண்டு நிகழ்த்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் பார்த்திருக்க எழுதினோர் திறன் தனித்தெழுதினோர் திறனிற் பாதியினுங் குறைந்தது. அங்கே அளக்கப்பட்டது அச்சமேயன்றி அறிவன்று.

சப்பிரகமுவைத் தோட்டங்கள் இதற்கு நல்ல சான்று தருவன. முன்னாளில் ஒரு தொழிலாளி தோட்டம் மாறுதற்கு அவர்தங் கடன்தொகை குறித்த துண்டுச்சீட்டே வழியாயிருந்தது. 1921இல் ஒழிக்கப்பட்ட அம்முறை கடனை அறிந்ததேயன்றிக் கைத்திறனை அறிந்ததன்று. கேகாலை, இரத்தினபுரி இறப்பர்த் தோட்டங்களிற் பால்வெட்டும் தொழிலை அறிந்தோரோ ஒருநாட் பாலளவு கொண்டு மட்டும் ஒருவரை மதியார், பட்டையையும் நோக்குவர். ஆழ வெட்டினாற் பால் மிகும். ஆயின் கத்தி உள்ளிருக்கும் வளர்படையைத் தீண்டின் காயம் முடிச்சாகி, புதுப்பட்டை மேடுபள்ளமாகும். அத்தீங்கு சில ஆண்டு கழித்து அப்பட்டையை மீள வெட்டுங்காலே முற்றும் புலனாம். விரைந்தெழுதிய நிரலும் அத்தகையதே. அன்று ஓடும், பின்னொருவர் திருத்தப் புகுங்கால் இடறும்.

ஆகலின் ஈரதிகாரங்களும் முரணுவனவல்ல. கட்டளைக்கல்லாவது செய்தற்குரிய வினையே. அதற்குப் பதிலாக வைக்கப்படும் சோதனையன்று. வினையினின்றும் வேறான ஒன்றாற் சோதித்துத் தெளிந்தார், வினை வந்துழி வேறாகக் காணப்படுதலில் வியப்பென்னை?

பிழையுள்ள பழைய நிரலொன்றைத் தந்து, தனித்திருந்து திருத்தச் செய்து, பின் அதுபற்றி யாவரையும் ஒரே வினாக்களால் வினவுதல் இதனினுஞ் சிறந்தது. ஷ்மிட், ஹன்டர் என்போரின் 1998ஆம் ஆண்டு ஆய்வு தொழின்மாதிரிச் சோதனையை மிக உயர்த்திற்று. 2022இல் சாக்கெட் முதலியோர் அம்மதிப்பைக் குறைத்து, ஒழுங்குற அமைந்த நேர்காணலை முதலில் வைத்தனர். எனவே ஒன்றையே நம்புதல் தகாது. அச்சோதனையும் குறுகியதாய்க் கூலியுடையதாய் இருத்தல் வேண்டும். லயத்தறையிற் கணினியின்றி வளர்ந்து கற்ற மாணவர்க்குக் கூலியின்றிப் பலநாள் உழைக்கும் வசதி ஏது? அவர் சோதனைக்கு வாராமையைத் திறனின்மையெனக் கொள்வார், மரத்தைக் காணாமலே பட்டையைப் பழித்தவராவர்.