தறியடி அபிப்பிராயம்

சினிமாவுக்கும் கச்சேரிக்கும் விமரிசனம் எழுத ஆள் இருக்கிறது. காதால் மட்டும் கேட்கிற பேச்சுக்கு அநேகமாக யாரும் இல்லை. சென்னை வானொலியில் 1988-இல் தொடங்கி வருஷக் கணக்காக வந்தது, தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்.' யாரைக் கேட்டாலும் "நன்றாக இருக்கும்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு மேல் சொல்லத் தெரிந்த நேயர்களைப் பிள்ளையார்பாளையத்தில்தான் கண்டேன்.

குழித்தறியில் உட்கார்ந்தவனுக்குக் கை, கால், கண் மூன்றுக்கும் வேலை. காது ஒன்றுதான் சும்மா இருக்கிறது. ரேடியோ இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி. தென்கச்சியார் 2009-இல் காலமானார்; பழைய பதிவுகள் இன்னும் ஓடுகின்றன. கூடவே ஊர் வினோதம், கோயில் அதிசயம் சொல்கிற பாட்காஸ்ட்டுகளும்.

தென்கச்சியாரிடம் தகவலைவிடக் கதைதான் அதிகம் என்று படித்த நண்பர்கள் குறை சொல்வார்கள். சரியான குறைதான். ஆனால் ஒரு பெரியவர் சொன்னதைக் கேளுங்கள்: "பாதி எங்க பாட்டி சொன்ன கதைதான் சார். ஆனா எங்க நிறுத்தணும்னு அவருக்குத் தெரியும். நாடா அந்தப் பக்கம் போயித் திரும்பற நேரம் குடுப்பாரு. இப்பப் பேசறவங்க, இழை அறுந்தாக்கூடக் கட்ட விடமாட்டேங்கறாங்க."

தான் சிரிக்காமல் நம்மைச் சிரிக்க வைத்த அந்தக் குரலைப் பற்றி இதைவிட நல்ல விமரிசனத்தை நான் படித்ததில்லை.

அவர் மகனுக்குக் கோபம் வேறு இடத்தில். காஞ்சிப் பட்டைப் பற்றிய பாட்காஸ்ட் ஒன்றைக் கேட்டிருக்கிறார். "மார்க்கண்டேய மகரிஷி வம்சம்னு ஆரம்பிக்கறாங்க. இருக்கட்டும். பட்டு கர்நாடகாவிலேருந்து வருது, ஜரிகை சூரத்திலேருந்து வருது, அதச் சொல்லலாமில்ல? கோர்வைக்கு ஆள் கெடைக்காம தறி சும்மா கெடக்குது, அதையாவது சொல்லலாமில்ல?"

கோர்வையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். நெய்யும்போதே இரண்டையும் இழைக்கு இழை கோக்க வேண்டும். மூன்று நாடா, பக்கத்தில் இன்னோர் ஆள். முன்பு வீட்டுப் பையன் உட்காருவான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான், போகத்தான் வேண்டும்.

புதியவர்களிடம் எனக்குள்ள குறையும் இதுதான். விவரத்துக்குப் பஞ்சமில்லை, தறி ஓடுகிற வீட்டுக்குள் நுழைந்து கேட்பதில்லை. தென்கச்சியாரும் நுழையவில்லைதான். ஆனால் அவர் கதை சொல்ல வந்தவர். காஞ்சிபுரத்துக்கு விளக்கம் சொல்ல வரவில்லை.

"இதை அவர்களுக்கே எழுதுவதுதானே?" என்றேன் மகனிடம்.

"எழுதணும் சார். இந்தச் சேலைய முடிச்சுக் குடுத்துட்டு எழுதறேன்" என்றார்.