சென்னை என்ற ஒற்றை வரி

ஐசிஎம்ஆர் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கையில் சென்னைக்கு அட்டவணைக்கு ஒரு வரிதான். 28 பதிவேடுகள், 2012 முதல் 2016 வரையிலான தரவு. வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்தால் ஐஸால் மாவட்ட ஆண்களில் லட்சத்துக்கு 269.4 பேர், மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத், பீட் பகுதியில் 39.5 பேர். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ சென்னை. அந்த ஒரு வரிக்குள்ளேயே போட் கிளப் சாலையும் இருக்கு, தண்டையார்பேட்டையும் இருக்கு.

அறிக்கையைக் குறை சொல்வதற்கு முன் அது எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடணும். சென்னைப் பதிவேடு அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1980களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. தரவு தானா வந்து விழறதில்லை. பணியாளர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் நோட்டுகளைப் புரட்டி எழுதி வருகிறார்கள், மாநகராட்சியின் இறப்புப் பதிவோடு ஒப்பிடுகிறார்கள். குறைந்தது ஒரு வருஷம் அந்த ஊரில் குடியிருந்தவரைத்தான் அந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பார்கள். நாற்பது வருஷம் ஒரு வேலையை இப்படி விடாமல் செய்த அரசு சார்ந்த திட்டங்களை நாம் எண்ணிவிடலாம்.

சிக்கல், அந்த உழைப்பு கடைசியில் எந்த வடிவத்தில் அச்சாகிறது என்பதில். வயது, பால், உடலின் எந்த இடம் என்று அட்டவணைகள் வரிசையாக வருகின்றன. வருமானத்துக்கு அட்டவணை இல்லை. வார்டுக்கும் இல்லை. இன்னொன்று: பதிவேடு தொடங்கியபோது திருவொற்றியூர் சென்னைக்குள்ளேயே இல்லை, 2011ல்தான் மாநகராட்சியில் சேர்ந்தது. பழைய எல்லை ஏறக்குறைய டோல்கேட் பக்கம் முடிந்தது. ஒரே காற்றை மூச்சு விடுகிற இரண்டு தெருக்கள் பல வருஷம் இரண்டு வேறு கணக்கு.

வருமானம் எதுக்கு என்று கேட்கலாம். சென்னைத் தரவிலேயே பதில் இருக்கு. 1980களில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்று. அது தொடர்ந்து குறைய, மார்பகப் புற்று முன்னுக்கு வந்தது. படிப்பு, திருமண வயது, குழந்தைகளின் எண்ணிக்கை, சுகாதாரம் என்று குடும்பத்தின் நிலைமை மாறியதின் சுவடு அது. வறுமையின் புற்றும் வசதியின் புற்றும் வேறு வேறு. இரண்டையும் ஒரே வரியில் கூட்டினால் சராசரி சாதுவாகத் தெரியும்.

வடசென்னையில் இது இன்னும் கூர்மையான கேள்வி. "வீட்டுக்கு வீடு கேன்சர்" என்று இங்கே ஒருவர் சொன்னால், "ஆதாரம் இல்லை" என்பார் அதிகாரி. ஆதாரத்தைத் தேடிப் பார்த்து இல்லை என்பதும், தேடவே முடியாதபடி அட்டவணை போட்டுவிட்டு இல்லை என்பதும் ஒன்றல்ல. ஆனால் முதல் ஆளையும் அப்படியே நம்பிவிட முடியாது. புகைபோக்கிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள்தான் ஏழைகளும். பீடி, பாக்கு, அடுப்புப் புகை, துறைமுகத் தூசு, தள்ளிப்போட்ட பரிசோதனை எல்லாம் அதே வீட்டில். வருமானம் தெரியாமல் எது புகையால் வந்தது, எது வறுமையால் வந்தது என்று பிரிக்கவே முடியாது.

பிரிப்பதற்கு ஒரு வழி, புகைபோக்கி நிற்பது. புகை நின்றாலும் வறுமை நிற்காது. எண்ணூர் அனல்மின் நிலையம், 450 மெகாவாட், 1970ல் தொடங்கி 2017 மார்ச் 31ல் மூடப்பட்டது. வடசென்னை, வல்லூர் நிலையங்கள் ஓடிக்கொண்டிருப்பதால் இது சுத்தமான சோதனை இல்லைதான். இருந்தாலும் இப்படி ஒரு வாய்ப்பு தலைமுறைக்கு ஒருமுறை வரும்.

சென்னைக்குத் தெற்கே, கல்பாக்கத்தின் முதல் அணு உலை 2018 ஜனவரியிலிருந்து ஓடவில்லை. அது எந்த வருஷம் எத்தனை மணிநேரம் ஓடியது என்று சர்வதேச அணுசக்தி முகமையின் தளத்தில் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். இயந்திரத்தின் ஓய்வுக்கு மணிக்கணக்கு இருக்கு. பக்கத்து மீனவக் குப்பத்தின் உடம்புக்குப் பொதுவில் அந்த நுணுக்கத்தில் கணக்கு இல்லை. ஜெர்மனியில் 2007ல் வந்த ஆய்வு, 16 அணுமின் நிலையங்களைச் சுற்றி ஒவ்வொரு குழந்தையின் வீடும் எவ்வளவு தூரம் என்று அளந்தது. 5 கிலோமீட்டருக்குள் வாழ்ந்த ஐந்து வயதுக்குட்பட்டவர்களிடம் ரத்தப் புற்று ஏறக்குறைய இரு மடங்கு. தெரிந்த கதிர்வீச்சு அளவுகளை வைத்து அதை விளக்க முடியவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. உலை எதிர்ப்பாளருக்கும் ஆதரவாளருக்கும் சங்கடம் தருகிற முடிவு, அதனாலேயே எனக்கு அதன் மீது மரியாதை. முகவரி இருந்ததால் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது.

நம்மிடமும் முகவரி இருக்கு. அது இல்லாமல் பதிவேடே நடக்காது. வருமானமும் இருக்கு, வேறு மேசையில்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்றிதழ் கேட்கிறார்கள். என் தொழிலில் இதை இரண்டு டேபிளை ஜாயின் பண்றது என்போம். ஒரு வார்டில் வருஷத்துக்குச் சில கேஸ்கள்தான் விழும், அதனால் ஐந்து, பத்து வருஷங்களைச் சேர்த்து, பெயரை எடுத்துவிட்டு, மண்டல அளவில் வெளியிடலாம். யாருடைய அந்தரங்கமும் போகாது.

2012ல் தொடங்கிய தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் மாநிலம் முழுக்கப் போகிறது. ஆக எண்ணூர் மூடுவதற்கு முந்தைய ஐந்து வருஷமும் கையில் இருக்கணும். நுரையீரல் புற்று தலைகாட்டப் பத்து, இருபது வருஷம் எடுக்கும். 2017ன் விளைவு ஏதாவது இருந்தால் அது பெரும்பாலும் இனிமேல்தான் பதிவேட்டில் ஏறும்.