தோட்டா நீளம்: அட்டவணை அளப்பது எதை?

கைத்துப்பாக்கித் தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறவர்களுக்காக அமெரிக்காவில் கையேடுகள் வருகின்றன. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டை எடுத்து, புது பிரைமர் போட்டு, மருந்து அளந்து, குண்டை அழுத்திச் செருகுவதுதான் வேலை. மதுரையில உட்கார்ந்துகிட்டு இதை எதுக்குப் படிக்கிறேன்னு கேட்கலாம். செய்து பார்க்க அல்ல. நம் 1959 ஆயுதச் சட்டத்தின் விளக்கப்படி தோட்டாவின் பாகங்கள் மட்டுமல்ல, அதைத் தயாரிக்கும் இயந்திரமும் 'அம்யூனிஷன்' கணக்கில்தான் வரும். உரிமம் இல்லாமல் தயாரிப்பது குற்றம். எனக்கு ஆர்வம், ஒரு அட்டவணை எண்ணை ஜனங்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதில். இங்கே தப்பாகப் படித்தால் விரல் போகும்.

அந்த எண், தோட்டாவின் மொத்த நீளம். 9 மி.மீ. தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச நீளம் 29.69 மி.மீ. (அந்த அமைப்பின் பெயர்ச் சுருக்கத்தை நம்மாள் படித்தால் 'சாமி' என்றுதான் வரும். சாமி சொன்னா அப்பீல் ஏது!) இந்த உச்சம் இருப்பது தோட்டா மேகசினிலும் சேம்பரிலும் அடங்குவதற்காக. அது பொருத்தம் பற்றிய எண். அழுத்தம் பற்றியது அல்ல. ஆனால் இதைத் தாண்டாத நீளம் எதுவும் பத்திரம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நீளம் குறைந்தால் குண்டு கூட்டுக்குள் இன்னும் இறங்குகிறது, மருந்துக்கான இடம் சுருங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது.

இதற்கு எல்லாரும் காட்டும் சாட்சி ஸ்பியர் கையேட்டில் உள்ள ஒரு சோதனை. 9 மி.மீ.யில் குண்டை 0.030 அங்குலம், அதாவது முக்கால் மி.மீ., கூடுதலாக இறக்கியதும் அழுத்தம் 28,000லிருந்து 62,000க்குப் போனது. செம்புத் துண்டு எவ்வளவு நசுங்குகிறது என்று பார்க்கும் பழைய அளவை முறை அது. அதில் 9 மி.மீ.க்கான வரம்பு 33,000. பயமுறுத்த இது போதும். ஆனால் எந்த மருந்து, எந்தக் குண்டு என்ற விவரம் இல்லாமல்தான் இந்த வரி கைமாறிக்கொண்டே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். முக்கால் மி.மீ. இறங்கினால் உள்ளே மிஞ்சியிருக்கும் இடத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. அழுத்தம் எப்படி இரண்டு மடங்குக்கு மேல் போகும்? புகையில்லா மருந்து அழுத்தம் கூடக்கூட வேகமாக எரியும், வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் கூடும். சீக்கிரம் எரியும் மருந்தில் இந்தச் சுழற்சி கைமீறும், மெதுவாக எரிவதில் அவ்வளவு இராது. ஆக, அந்தச் சோதனையை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம், சூத்திரமாக அல்ல.

என் பெரிய குறை வேறு. அழுத்தத்தைத் தீர்மானிப்பது மொத்த நீளமே இல்லை, குண்டின் அடிப்பகுதி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது. கூட்டின் நீளத்தோடு குண்டின் நீளத்தைக் கூட்டி, மொத்த நீளத்தைக் கழித்தால் ஆழம் கிடைக்கும். 9 மி.மீ. கூடு 19.15. மொத்த நீளம் 28.5 என்று வைப்போம். 14 மி.மீ. குண்டு 4.65 இறங்கும், 15.5 மி.மீ. குண்டு 6.15 இறங்கும். இரண்டும் ஒரே எடையாக இருக்கலாம்! ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைவு, அதனால் முழுச் செம்புக் குண்டு அதே எடைக்கு நீளமாக வரும். கையேட்டில் ஈயக் குண்டுக்குப் போட்ட மருந்தளவையும் நீளத்தையும் 'எடை ஒண்ணுதானே' என்று செம்புக்கு எடுத்தால், ஸ்பியர் சோதனையைப் போல இரண்டு மடங்கு ஆழம் கூடிப்போகும்.

நம் நாட்டுத் தோட்டா ஒன்றே இதற்கு நல்ல உதாரணம். கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வருக்கான 'ஸ்மித் அண்ட் வெசன் லாங்' தோட்டாவின் உச்ச நீளம் 32.51 மி.மீ. அதே தோட்டாவில், 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டிகளில் சுடும் தட்டைத் தலைக் குண்டு கூட்டின் வாயோடு வாயாக இறங்கிவிடும். மொத்த நீளம் சுமார் 23.4தான். ஜஸ்பால் ராணா 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 590 எடுத்துத் தங்கம் வாங்கிய பிரிவு அது. 9 மி.மீ. நீளம் குறைந்தும் எதுவும் வெடிக்கவில்லை, ஏன்னா அந்தக் குண்டுக்கும் அந்த ஆழத்துக்கும் என்றே மருந்தை அளந்திருக்கிறார்கள்.

அப்போ நீளமா வச்சா பத்திரமா? அதுவும் இல்லை. குண்டு ரைஃபிளிங்கில் முட்டி நின்றால் தொடக்க அழுத்தம் ஏறும். எங்கே முட்டும் என்பது குண்டின் மூக்கு வடிவத்தையும் அந்தத் துப்பாக்கியின் குழலையும் பொறுத்தது. அதனால்தான் கழற்றிய குழலில் மருந்தில்லாத மாதிரித் தோட்டாவைப் போட்டு, அது தடையில்லாமல் உட்கார்ந்து, கவிழ்த்தால் தானாக விழுகிறதா என்று பார்க்கிறார்கள். மேல் எல்லையை இப்படிச் சொந்தத் துப்பாக்கியிலேயே கண்டுபிடிக்கலாம். கீழ் எல்லைக்கு அப்படி ஒரு வழி கிடையாது. அழுத்தமானி உள்ள ஆய்வகம் அந்தக் குறிப்பிட்ட குண்டை வைத்துச் சோதித்துச் சொன்னதுதான்.

நீளத்தை அச்சிடக் காரணம் புரிகிறது: வெர்னியர் காலிப்பரில் வெளியே அளக்கலாம், ஆழம் கண்ணுக்குத் தெரியாது. சரி, நீளம் இருக்கட்டும். பக்கத்தில் குண்டின் நீளத்துக்கு ஒரு பத்தி சேர்க்க எவ்வளவு மை ஆகும்? ஒரே ஒரு கழித்தலில் ஆழம் வந்துவிடும்.