தென்திருவிதாங்கூர்க் கதைப்பாடல்களில் காலாளும் குதிரையும்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே நாஞ்சில் நாடுவரை வில்லுப்பாட்டாக வழங்கிவந்த வரலாற்றுக் கதைப்பாடல்களுள் 'இரவிக்குட்டிப் பிள்ளை போர்', 'தம்பிமார் கதை' ஆகிய இரண்டும் குறிப்பிடத்தக்கவை. வரலாற்று நோக்கில் இவற்றை அணுகுவோர் பெயர், ஆண்டு, இடம் ஆகியவற்றைக் கொண்டு, போர்ப்பகுதிகளை மிகைக்கூற்று என ஒதுக்குவது எளிது. அவ்வொதுக்கம் மறு ஆய்வுக்குரியது. படை எவ்வாறு பொருதது என்பதினும், யார் யாருக்காகப் பொருதனர் என்பதையே இப்பாடல்கள் முதன்மைப்படுத்துகின்றன. அக்காலப் படையமைப்பின் உண்மையும் அதுவே.

கணியாங்குளப் போர் கொல்லம் 810இல் (கி.பி. 1634–35) திருமலை நாயக்கரின் மதுரைப் படைக்கும் வேணாட்டுக்கும் இடையே நிகழ்ந்தது. வெட்டவெளியில் விரைவு குதிரைப்படையின் வலிமை. வயலும் குளமும் கால்வாயும் மிடைந்த நிலத்தில் அவ்விரைவு குன்றும். அங்கும் வாளும் கேடயமும் ஏந்திய காலாட்கள் அணி கலையாது நின்றாலன்றி வெற்றியில்லை. வேணாட்டுக் காலாட்படையோ தத்தம் தலைவருக்குக் கட்டுப்பட்ட வீரர்களின் தொகுப்பு. உடனிருந்த அமைச்சர்கள் வஞ்சித்துக் கைவிட, இரவிக்குட்டிப் பிள்ளை தனித்து நின்று மடிகிறார். தானைமறம், குதிரைமறம் எனப் புறப்பொருள் நூல்கள் வகுத்த துறைகளுள் இக்காட்சி அடங்காது. உட்பகையே இதன் பொருள். தாயும் மனைவியும் தீக்கனாக் கூறித் தடுக்கும் பகுதி வெறும் வாய்பாடன்று. களம் காணுமுன்னரே முடிவு உறுதியாகிவிட்டது என்பதைக் கேட்போர்க்கு அறிவிக்கும் உத்தி அது.

'தம்பிமார் கதை' உள்நாட்டுப் பூசலையே பொருளாகக் கொண்டது. 1729இல் இராமவர்மர் மறைந்தபின் மருமக்கள்தாய முறைப்படி மார்த்தாண்டவர்மர் அரசேற, முன்னவரின் மக்களாகிய பப்புத்தம்பியும் இராமன்தம்பியும் அவரை எதிர்த்தனர். இருதரப்புக் காலாட்களும் ஒரே மண்ணினர். ஒரே களரிப் பயிற்சியினர். ஆகவே சமநிலையைக் குலைக்க வெளியிலிருந்து படை வேண்டியதாயிற்று. தம்பிமாருக்குத் துணையாக அழகப்ப முதலியார் நாயக்கர் படையுடன் வந்தார். பின்னர் இணக்கப்படுத்தப்பட்டுத் திரும்பினார். தம்பிமார் மடிந்ததும் போர்க்களத்திலன்று, நாகர்கோவில் அரண்மனையில்.

இக்கதையின் குறைபாடும் சுட்டற்பாலது. தம்பிமாரின் தங்கையை மன்னர் மணக்க விழைந்ததும் அவள் மகனுக்கு முடியுரிமை கேட்கப்பட்டதுமே பகைக்குக் காரணமாகக் காட்டப்படுகின்றன. எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் செல்வாக்கும் பதுமநாபசுவாமி கோயிலின் எட்டரை யோகத்து அதிகாரமும் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. எனினும் சி.வி. இராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' (1891) என்னும் மலையாளப் புதினம் வென்றோர் பக்கம் நிற்க, தோற்றோர் குரலைக் காத்துத் தந்தது இப்பாடலே.

மார்த்தாண்டவர்மர் பின்னர் பிள்ளைமாரை ஒடுக்கினார். 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றபின், சிறைப்பட்ட டிலனாயைக் கொண்டு அரசுக்கே கட்டுப்பட்ட படையைப் பயிற்றுவித்தார். இரவிக்குட்டிப் பிள்ளையைத் தனித்து நிற்கவிட்ட அமைப்பு இவ்வாறே முடிவுற்றது. கதைப்பாடல் இரங்கலாகப் பாடிய குறையும் அரசு களைய முற்பட்ட குறையும் ஒன்றே. ஆதலின் இப்பாடல்களைப் போர்வரலாற்றின் சான்றுகளாகக் கொள்ளுதல் தகும். அவற்றில் தேடவேண்டியது அணிவகுப்பை அன்று, அணி குலைந்த காரணத்தை.