சார்ஜர் இல்லாத பெட்டி: மிச்சம் யாருக்கு?

கல்முனை பஸாரில் இன்று கூடிய விலைக்குப் போன் வாங்குகிறவர்தான் சார்ஜருக்குத் தனியாகக் காசு கொடுக்கிறார். மலிவு விலைப் போன்கள் பலவற்றின் பெட்டிக்குள் சார்ஜர் இன்னும் வருகிறது. லட்சங்களில் விலை போகும் ஐபோனுக்கும் சாம்சங் கலக்ஸிக்கும் கேபிள் மட்டும்தான். “சார்ஜர் எங்க காக்கா?” என்று கேட்டால், “கொம்பனியே இப்ப வைக்கிறல்ல தம்பி” என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் பின்சுவரில் தொங்கும் அட்டைகளைக் காட்டுகிறார். ஹேன்ட்ஸ்ஃப்ரீயும் அதே சுவரில்தான். சூழலைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு என்கின்றன கம்பனிகள். காசு பிடுங்கும் தந்திரம் என்கிறார்கள் வாங்குகிறவர்கள். இரண்டும் பாதி உண்மை. எந்தப் பாதி எங்கே செல்லுபடியாகிறது என்பதுதான் பார்க்கவேண்டிய விஷயம்.

2020 ஒக்டோபரில் ஐபோன் 12ஐ அறிமுகப்படுத்தியபோது அப்பிள் நிறுவனம் சார்ஜரையும் இயர்போனையும் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டது. தன் சார்ஜர்கள் மட்டுமே உலகில் 200 கோடிக்கு மேல் புழங்குகின்றன என்றது. பெட்டி சிறுத்ததால் ஒரே சரக்குத் தட்டில் 70 சதவீதம் வரை கூடுதலான பெட்டிகளை அடுக்கி அனுப்பலாம் என்றும், இந்த மாற்றங்களால் வருடத்துக்கு 20 லட்சம் தொன் கரியமில வாயு குறையும் என்றும் கணக்குச் சொன்னது. அந்த மாதமே சமூக ஊடகத்தில் அதைக் கேலி செய்த சாம்சங், 2021 ஜனவரியில் தன் கலக்ஸி எஸ்21 பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தது. கேலிப் பதிவும் காணாமற்போனது. இரண்டு பெரிய கம்பனிகள் போன வழியில் வேறு சிலவும் ஒவ்வொன்றாகப் போயின.

இதன் நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சார்ஜர் என்பது செம்பும் பிளாஸ்டிக்கும் சில உலோகங்களும் சேர்ந்த பொருள். பாவிக்காமல் மேசை லாச்சியில் கிடந்தாலும் அதைச் செய்யச் செலவான மூலப்பொருள் செலவானதுதான். பாவிக்கப்படாமலும் வீசப்பட்டும் சார்ஜர்கள் வருடத்துக்குச் சுமார் 11,000 தொன் கழிவாகின்றன என்று ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்குள் மதிப்பிட்டது. உலகம் முழுவதும் 2022இல் சேர்ந்த இலத்திரனியல் கழிவு 6.2 கோடி தொன். அதில் முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான்.

எங்கள் கரையோர ஊர்களுக்கு இந்தக் கணக்கு தூரத்துச் செய்தியுமல்ல. எங்கள் அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில், எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று இறந்ததாக 2022 தொடக்கத்தில் உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. பழுதான சார்ஜரையும் அறுந்த கேபிளையும் சோற்றுக் குப்பையோடு ஒரே பையில் கட்டி வாசலில் வைக்கும் பழக்கம் எங்கள் வீடுகளில் சாதாரணம். குப்பையை வைக்க இடமில்லாமல் தவிக்கும் ஊர், “தேவையில்லாததைச் செய்யாதே” என்ற வாதத்தை எளிதில் தட்டிவிட முடியாது.

ஆனால் அந்த வாதம் ஓர் ஊகத்தின் மேல் நிற்கிறது. புதுப் போன் வாங்குகிறவரிடம் பழைய சார்ஜர் சும்மா கிடக்கிறது என்பதே அந்த ஊகம். பழைய போன் கழிவாகிவிட்டால்தான் அதன் சார்ஜர் சும்மா கிடக்கும். சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் பழைய போனுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. மகன் புதுப் போன் எடுத்தால் பழையது உம்மாவுக்குப் போகிறது, கட்டாரில் இருக்கும் வாப்பாவோடு இமோவில் பேச. உம்மாவின் போன் தங்கச்சியின் ஒன்லைன் வகுப்புக்குப் போகிறது. கடைக்கு விற்றாலும் பெட்டியோடும் சார்ஜரோடும் கொடுத்தால்தான் நல்ல விலை. போன் கைமாறும்போது சார்ஜரும் கைமாறுகிறது. ஒரு பொருளை உழைக்கும் மட்டும் உழைக்கவைக்கிற, சூழலுக்கு மிக உகந்த குடும்பம் இது. அந்தக் குடும்பத்துக்குத்தான் புதுப் பெட்டியில் சார்ஜர் இல்லாமற் போகிறது. இரண்டு வருடத்துக்கொருமுறை பழைய போனை லாச்சிக்குள் போடுகிறவருக்கு எந்த நட்டமும் இல்லை.

பழைய சார்ஜர் இருந்தாலும் அது பொருந்தவேண்டும். ஐபோன் 11 பெட்டியில் வந்த 5 வோட் சார்ஜரில் யூஎஸ்பி-ஏ வாய்தான் இருந்தது. ஐபோன் 12 பெட்டியிலோ யூஎஸ்பி-சி முனையுள்ள கேபிளை வைத்தார்கள். “பழையதைப் பாவியுங்கள்” என்று சொன்ன கம்பனியே, தன் வாடிக்கையாளர்களில் மிகப் பலரின் பழைய சார்ஜரில் நுழையாத கேபிளைக் கொடுத்தது. சீன நிறுவனங்கள் சில தங்கள் வேகச் சார்ஜைத் தங்கள் சார்ஜரோடும் கேபிளோடும் கட்டிப்போட்டிருக்கின்றன. வேறு சார்ஜரில் போட்டால் வேலை செய்யும், ஆனால் ஆமை வேகத்தில். பொது வாய் ஒன்று வந்த பிறகே சார்ஜரை நீக்குவது ஒழுங்கான வரிசை. அப்பிள் தன் ஐபோனுக்கு யூஎஸ்பி-சி வாயைக் கொடுத்தது 2023இல், சார்ஜரை எடுத்து மூன்று வருடம் கழித்து.

இனி அந்தச் சுவரில் தொங்குவதைப் பார்ப்போம். ஒரிஜினல் சார்ஜரின் விலையைக் கேட்டுவிட்டு அதில் ஒரு சிறு பங்கு விலைக்கு ‘கொப்பி’ எடுத்துக்கொண்டு போகிறவர்களே அதிகம். எழுத்தும் சின்னமும் ஒரிஜினல் மாதிரியே இருக்கும். கையில் எடுத்தால் பாரம் இருக்காது. சுவரில் குத்திய கொஞ்ச நேரத்தில் கொதிக்கும். சார்ஜில் வைத்தபடி போனைத் தொட்டால், விரல் ஓரிடம் தொட எழுத்து வேறிடத்தில் விழும். சார்ஜரிலிருந்து வரும் மின்சாரம் சுத்தமாக இல்லாததால் தொடுதிரை தடுமாறுகிறது. ஒழுங்கான சார்ஜருக்குள் 230 வோல்ட் ஓடும் பக்கத்துக்கும் போனுக்குப் போகும் பக்கத்துக்கும் இடையே போதிய இடைவெளியும் காப்பும் இருக்கும். மட்டமான கொப்பியில் முதலில் குறைக்கப்படுவது அதுதான். அதனால் கொப்பி பழுதாவது ஒரு பிரச்சினை, கரண்ட் அடிப்பது இன்னொரு பிரச்சினை.

பிளக் சிக்கல் வேறு. இலங்கை 2017இல் சதுர முனை 13 அம்பியர் பிளக்கை நாட்டின் ஒரே நியமமாக ஏற்றது. பழைய வீடுகளின் சுவர்களில் வட்டத் துளைகள் இன்னும் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து கொண்டுவரும் சார்ஜருக்கு வட்ட முனை, வளைகுடாவிலிருந்து வருவதற்குச் சதுர முனை. வட்ட முனையைச் சதுரச் சொக்கட்டில் நுழைக்க மேல் துளைக்குள் பேனை மூடியை விட்டுத் திறக்கும் வித்தை எங்கள் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எந்த நாட்டில் விற்கிறோமோ அந்த நாட்டுச் சுவருக்குப் பொருந்துவதைப் பெட்டிக்குள் வைக்கவேண்டிய கடமை முன்பு கம்பனியிடம் இருந்தது. இப்போது அது பேனை மூடியிடம் வந்திருக்கிறது.

இயர்போன் விஷயத்தை வேறாக எடைபோட வேண்டும். காதில் போடும் பொருளில் ஆளுக்கொரு விருப்பம் உண்டு. பெட்டியில் வந்தவை பல பிரிக்கப்படாமலே கிடந்ததும் உண்மை. அதனால் அதை நீக்கியதில் நியாயம் கூட. ஆனால் அதற்கு முன்பே, 2016இல் ஐபோன் 7இல், இயர்போன் குத்தும் துளையையே எடுத்துவிட்டார்கள். மற்றக் கம்பனிகளும் விலை கூடிய போன்களில் அதைப் பின்பற்றின. வயர் இயர்போனின் இடத்துக்கு வயர் இல்லாதது வந்தது. அதில் மூன்று சின்னப் பற்றரிகள், காதுக்கு ஒவ்வொன்று, டப்பாவுக்கு ஒன்று. சில வருடங்களில் அவை தளர்ந்துவிட்டால் பெரும்பாலும் மாற்றிப் போட வழியில்லை. முழுதாக வீசவேண்டும். வயர் அறுந்தால் பஸாரில் ஈயம் வைத்து ஒட்டிக்கொள்ளலாம். கழிவைக் குறைப்பதாகச் சொன்னவர்கள் இந்த இடத்தில் கழிவைக் கூட்டினார்கள்.

விலையைப் பார்த்தாலும் சந்தேகம் தீராது. ஐபோன் 11 அமெரிக்காவில் 699 டொலரில் தொடங்கியது. இரண்டு பொருள் குறைந்த ஐபோன் 12 தொடங்கியது 799 டொலரில். திரை மேம்பட்டது, 5ஜி வந்தது, ஆகவே விலை கூடியதற்குக் காரணம் உண்டு என்பது நேர்மையான பதில்தான். ஆனால் நீக்கிய சார்ஜருக்காக எத்தனை டொலர் கழித்தார்கள் என்று பெட்டியில் எங்கும் இல்லை. தனியாக வாங்கினால் 19 டொலர் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. சார்ஜரைச் செய்யாததில் மிஞ்சியது கம்பனிக்கு, வெளியே வாங்கும் செலவு எங்களுக்கு.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன என்பதில் பாடம் உண்டு. போனோடு இயர்போன் கொடுக்கவேண்டும் என்ற சட்டம் பிரான்ஸில் அப்போது இருந்தது. அதனால் அப்பிள் அங்கே ஐபோன் 12 பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து இயர்போனையும் சேர்த்து விற்றது. சட்டம் இருந்தால் கம்பனி இறங்கிவரும் என்பதற்கு அது சாட்சி, ஆனால் இரட்டைப் பெட்டி சூழலுக்கு எந்த நன்மையும் செய்யவில்லை. பிரேசில் 2022 செப்டெம்பரில் 1.2 கோடி ரியாலுக்கு மேல் அபராதம் போட்டு, சார்ஜர் இல்லாத ஐபோன் விற்பனையையும் தடுத்தது. அது எல்லோருக்கும் சார்ஜர் என்ற பழைய இடத்துக்கே திரும்பும் வழி. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் நடைமுறைப்படுத்திய விதி இவற்றைவிட முதிர்ச்சியானது. போன்களுக்கு யூஎஸ்பி-சி பொது வாய். சார்ஜரோடு விற்றால் சார்ஜர் இல்லாமலும் வாங்கும் வழி. உள்ளே சார்ஜர் இருக்கிறதா, எத்தனை வோட் தேவை என்பதைப் பெட்டிமேல் படமாகக் காட்டும் கட்டாயம். ஆனாலும் சார்ஜர் வேண்டுமென்றால் இலவசமாகக் கொடு என்று அந்த விதி சொல்லவில்லை. அதைச் செய்துகாட்டியது ஷாவோமி: சீனாவில் மி 11 போனை, சார்ஜரோடும் சார்ஜர் இல்லாமலும் ஒரே விலைக்கு விற்றது.

எங்களுக்கு வேண்டியதும் ஐரோப்பிய விதியும் ஷாவோமியின் வழியும் சேர்ந்த கலப்பு. 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, பொருளின் மேல் என்ன எழுதவேண்டும் என்று வியாபாரிகளுக்குப் பணிப்புரை கொடுக்கும் அதிகாரம் அந்தச் சபைக்கு இருக்கிறது. ‘சார்ஜர் இல்லை’ என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் பெட்டியின் முகப்பில் போட வைக்க அது போதும். பாதுகாப்புப் பரிசோதனையைத் தாண்டாத சார்ஜர் துறைமுகத்தையே தாண்டக் கூடாது. பஸார்க் கடைகளும் ஒன்று செய்யலாம்: பழுதான சார்ஜரைக் கொண்டுவருகிறவருக்குப் புதியதில் சிறு விலைக்கழிவு கொடுத்து, பழையதைச் சேர்த்து மீள்சுழற்சிக்கு அனுப்பலாம்.

சார்ஜரை எல்லோருக்கும் திணித்தது வீண்செலவு. எல்லோரிடமிருந்தும் பறித்தது அதே தவறின் மறுபக்கம். ஒரு வீட்டில் எத்தனை சார்ஜர் மிச்சம் இருக்கிறது என்பது அந்த வீட்டாருக்குத்தான் தெரியும். ஆகவே வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் சொல்லட்டும், வேண்டாம் என்கிறவருக்கு விலையில் கழியட்டும். அந்த விலைக்கழிவைக் கொடுக்கத் தயாராகும் கம்பனி சூழலைப் பற்றிப் பேசினால் காது கொடுத்துக் கேட்கலாம்.