படித்த நாவலும் பதித்த குறிப்பும்

நாவல் படிப்போர் பலர். படித்ததைக் குறித்து வைப்போர் சிலர். குறித்தவற்றை ஒப்பிட்டுப் பார்ப்போர் மிகச் சிலர். திறனாய்வு அம்மிகச் சிலரிடமிருந்தே பிறக்கிறது.

மாணவர் குறிப்பேடுகளில் பெரும்பாலும் காணப்படுவன கதைச் சுருக்கமும், 'அருமை', 'சுவையானது' என்னும் பாராட்டுரைகளுமே. கதைச் சுருக்கம் வழிகாட்டி நூலிலும் கிடைக்கும். எல்லா நாவலுக்கும் பொருந்தும் பாராட்டோ எந்த நாவலையும் விளக்காது. குறிப்பேடு பயன்தர வேண்டுமாயின், படிக்கும் ஒவ்வொரு நாவலிடமும் ஒரே வினாக்களைக் கேட்டல் வேண்டும். கதைத்தலைவன் எதை நாடுகிறான்? அவனைத் தடுப்பது எது? முடிவில் அவன் அடைவது யாது? ஆசிரியர் அதனை எவ்வாறு சொல்கிறார்?

எடுத்துக்காட்டாக, ப. சிங்காரத்தின் இரு நாவல்களைக் கொள்ளலாம். 'கடலுக்கு அப்பால்' 1959இல் நூலாக வந்தது. 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது. இரண்டும் இரண்டாம் உலகப் போர்க்காலத் தென்கிழக்காசியாவைக் களமாகக் கொண்டவை. இரண்டிலும் தலைவன் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவன். தனித்தனியே படிப்பவர், முன்னதைக் காதல் தோல்வி என்றும் பின்னதை வீரசாகசம் என்றும் எழுதி முடித்துவிடக்கூடும்.

மேற்கண்ட வினாக்களுக்குரிய விடைகளை அருகருகே எழுதினால் வேறோர் உண்மை புலப்படும். பினாங்கு வட்டிக்கடையில் பணிபுரிந்த செல்லையா, முதலாளியின் மகள் மரகதத்தை மணக்க விழைகிறான். பட்டாளத்துக்குப் போய் வந்தவன் கடைத்தொழிலுக்கு ஒத்துவரான் எனக் கருதி முதலாளி மறுத்துவிடுகிறார். பாண்டியனோ மெடானிலிருந்து பினாங்கு வந்து, பின்னர் இந்தோனேசிய விடுதலைப் போரிலும் ஈடுபடுகிறான். ஊர் நினைவு நெஞ்சில் நிற்க, ஊரைக் காணாமலே மடிகிறான். போர் ஓய்ந்த பின்னும் பழைய வாழ்வுக்குத் திரும்ப இயலாத மனிதரே இரு நாவல்களிலும் நிற்கின்றனர்.

நடையில்தான் வேற்றுமை மிகுதி. ஓர் இல்லத்தின் மறுப்பைச் சொல்ல முன்னதற்கு நேரிய நடை போதுமானதாயிற்று. கடலும் துறைமுகங்களும் கடந்து அலையும் மனத்தைக் காட்டப் பின்னதற்கு நனவோட்டமும் எள்ளலும் பழந்தமிழ் இலக்கிய எதிரொலிகளும் தேவைப்பட்டன. ஆதலின், ஒப்பீடு என்பது மதிப்பெண் இடுவதன்று. ஒன்றின் துணைகொண்டு மற்றொன்றைத் தெளிவாகக் காண்பதாகும்.

மீண்டும் படிக்கும்போது பழைய குறிப்பை அடித்துவிடுதல் கூடாது. புதிய கருத்தை நாளிட்டு அதன்கீழ் எழுதுதல் வேண்டும். பதினேழு வயதில் செல்லையாவுக்காக மட்டும் வருந்தியவர், ஐம்பது வயதில் முதலாளியின் அச்சத்தையும் உணரக்கூடும். இரண்டும் உண்மையான வாசிப்புகளே.

பிறர் தீர்ப்பை மனனம் செய்யும் மாணவன் தேர்வில் தேறலாம். தேர்வுக்குப்பின் நூலைத் தொடுவானா என்பது ஐயமே. ஆகவே ஆசிரியர், மாணவனின் கருத்து தம் கருத்துக்கு மாறுபட்டதெனச் சிவப்பு மையால் அடித்துவிடாமல், "இதற்குச் சான்றாகும் காட்சி எது?" என்று கேட்டல் தகும். அவ்வினாவுக்கு விடைதேடி அவன் மீண்டும் நாவலைத் திறப்பானாயின், அதுவே குறிப்பேட்டின் பயன்.